பரவாயில்லைக்காரர் வீட்டுப் பூனைக்குட்டி

கடையில் அவருக்குப் பெயர் 'பரவால்ல'. முகத்துக்கு நேரே அண்ணே என்பார்கள். அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும், பரவால்ல வந்தாச்சா, பரவால்ல சாப்பிட்டாச்சா என்று விசாரித்துக்கொள்வார்கள். தேநீரில் சர்க்கரை போட மறந்தாலும் பரவால்ல, முழங்காலில் கதவு இடித்தாலும் பரவால்ல. மனைவியை அடக்கம் செய்துவிட்டு வேலைக்குத் திரும்பிய அன்று, எப்படி இருக்கீங்க என்று கேட்ட முதலாளியிடமும் அதையேதான் சொன்னார். முதலாளி அதை நம்பிவிட்டார் என்பதுதான் கொடுமை.

ஜன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டுகிற வேலை. பெரிய கண்ணாடியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இரண்டு பேர் தூக்க வேண்டும். அவருக்கு மறுமுனையில் எப்போதும் நெட்டையன். இந்தத் தொழிலில் வாய்விட்டுக் கத்தக் கூடாது. விளிம்பு விரலைக் கிழித்து 'ஆ' என்றால் எதிரில் இருப்பவன் பதறுவான். பதறினால் கையை விட்டுவிடுவான். அப்புறம் யார் கால் மிஞ்சும் என்று சொல்ல முடியாது. ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு மேசைவரை நடந்து, கண்ணாடியைச் சாய்த்து வைத்துவிட்டுத்தான் விரலைப் பார்க்க வேண்டும். பாதி ஆயுளை இப்படியே நடந்து கழித்தவருக்கு, வீட்டில் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கும்போதும் கண்ணாடி தூக்குகிற முகம்தான்.

பூனைக்குட்டி கிடைத்தது கடைக்குக் கண்ணாடி வந்த சரக்குப் பெட்டிக்குள். வைக்கோலை விலக்கினால் அடியில் ஒரு முனகல். தாய் எங்கேயோ தொலைந்துவிட்டது. கடை மூடுகிறவரைக்கும் காத்திருந்து பார்த்துவிட்டு, சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற உடம்பு, அதில் கண்ணாடித் துண்டு போலப் பல். சில்லு என்று கூப்பிட்டார்.

மறுநாளே கவலை தொடங்கிவிட்டது. கிண்ணம் நிறையப் பால் ஊற்றினார், வயிற்றால் போனது. விடிந்தால் பீளை கட்டிக் கண் திறக்கவில்லை. வயிறு மட்டும் உப்பி, கால்கள் குச்சியாக இருந்தன. சொறிந்து சொறிந்து கழுத்தில் முடி கொட்டியது. மணல் தட்டு வைத்தார். அது மணலை மோந்து பார்த்துவிட்டு அவருடைய செருப்பில் போய்விட்டது. தன் காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை வாங்காத மனிதர், குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினார்.

"மாட்டுப் பாலை யார் குடுக்கச் சொன்னது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"எல்லாரும் குடுக்கறதுதானே."

"எல்லார் வீட்டுக் குட்டிக்கும் பேதி ஆகறதும் அதனாலதான்."

குடலில் புழு, தோலில் தெள்ளுப்பூச்சி, கண்ணில் சளிக்காய்ச்சலின் மிச்சம். தெருவில் பிறந்த குட்டிக்கு இதெல்லாம் வழக்கம்தான், பயப்பட வேண்டாம் என்று மருந்து கொடுத்து அனுப்பினார். ஒவ்வொன்றாகச் சரியாகவும் ஆயிற்று. மணல் தட்டை ஓசையில்லாத மூலைக்கு மாற்றியதும் செருப்பும் பிழைத்தது.

சரியாகாதது கடி ஒன்றுதான். விரலை நீட்டினால் பிடித்துக்கொண்டு, பின்னங்காலால் உதைத்து, பல்லை எலும்புவரை இறக்கும். அவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் ஓர் உயிர் தன்னைத் தொடுகிறதே என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அதை யாரிடம் போய்ச் சொல்ல?

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் போன் பண்ணுவாள். கல்யாணமாகித் தொலைவில் இருக்கிறாள். அவளுடைய குழந்தையை அவர் இன்னும் தூக்கியதில்லை. அவர்கள் வருவது ஏற்கெனவே தள்ளிப்போய், இந்த விடுமுறைக்குக் கட்டாயம் என்று முடிவாகியிருந்தது. பேச்சுவாக்கில் பூனை விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"கடிக்குமாப்பா?"

"சும்மா விளையாட்டுக்கும்மா."

"விளையாட்டுக்கெல்லாம் வேணாம்ப்பா. இவன் இப்பதான் தவழ ஆரம்பிச்சிருக்கான். எதைப் பார்த்தாலும் கையை நீட்டுவான். கடிக்கற பழக்கம் போகலன்னா யார்கிட்டயாவது குடுத்துடுங்க. இல்லன்னா நாங்க எப்படி வர்றது?"

"பரவால்லம்மா, பார்த்துக்கறேன்" என்றார். போனை வைத்தார். சில்லு வேண்டும். பேரனும் வேண்டும். இரண்டும் வேண்டுமென்றால் அந்தப் பல் அடங்க வேண்டும்.

மறுபடி மருத்துவமனைக்குப் போனார். டாக்டரம்மா அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி கீறியது எது, பூனை கீறியது எது என்று பிரிக்க முடியாத கை.

"தனியா வளர்ற குட்டி இல்லையா, அதான். கூடப் பொறந்ததுங்க இருந்தா, இது அழுத்திக் கடிச்சதும் அது வீல்னு கத்திட்டு விளையாட்டை விட்டுப் போயிடும். அப்பதான் கடிக்கு ஓர் அளவு இருக்குன்னு இதுக்குப் புரியும். இது கடிச்சா நீங்க என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்றதில்ல."

"கத்த மாட்டீங்களா?"

"பழக்கம் இல்லீங்க."

"அப்ப உங்களுக்கு வலிக்குதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? அடிக்க வேணாம், கையையும் வெடுக்குன்னு இழுக்க வேணாம். வலிக்குதுன்னு சொல்லுங்க, விளையாட்டை நிறுத்திட்டு முகத்தைத் திருப்பிக்கோங்க. கயிறு, பந்து எதையாவது குடுங்க. கையைப் பொம்மை ஆக்காதீங்க. தினமும் இதையே செய்யுங்க."

கேட்கும்போது எளிதாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து விரலைக் கொடுத்தார், சில்லு கடித்தது, அவர் வாயைத் திறந்தார். தொண்டையைச் செருமுவது போல ஏதோ ஒன்று வந்தது. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அது இன்னும் ஆழமாக இறக்கியது. இரும்புக் கம்பியைக்கூட வளைத்துவிடலாம், அந்த ஒரு சொல்லை வாயிலிருந்து எடுப்பது அப்படிப் பாடாக இருந்தது. கடைசியில் ஒருநாள் மாலை, "வலிக்குது!" என்று போட்ட சத்தத்தில் சில்லு கட்டிலுக்கடியில் பாய்ந்தது, பக்கத்து வீட்டுக்காரம்மா கதவைத் தட்டினார்.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. பூனைக்குப் பாடம் எடுக்கறேன்."

அந்தம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் சத்தம் தேவைப்படவில்லை, சொல்லே போதுமென்று ஆயிற்று. 'வலிக்குது' என்றதும் சில்லு பல்லை எடுத்துவிடும், காதை மடக்கிக்கொண்டு இறங்கிப் போய்க் கதவோர மிதியடியில் உட்கார்ந்துவிடும். முதன்முதலில் அது அப்படி விலகிப் போனபோது அவருக்குத் திக்கென்றது. சொன்னதால்தானே போய்விட்டது என்று தன்னையே நொந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் அது திரும்பி வந்து அதே விரலை நக்கியது. போகப் போக, வாயில் விரலை வைத்தாலும் மெத்தென்று பிடித்து விட்டுவிடும்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளறையைக் கழுவினார். விரிசல் விட்டிருந்த ஜன்னலுக்குத் தன் கையால் புதுக் கண்ணாடி வெட்டிப் போட்டார். தவழுகிற பிள்ளை எழுந்து நின்றால் தலை எட்டும் என்று மேசை விளிம்புகளில் துணி சுற்றினார். பேரன் வரப்போகிறான் என்று நெட்டையனிடம் அவராகவே சொன்னார். அண்ணன் இத்தனை வார்த்தை பேசுவாரா என்று நெட்டையன் கடையெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. சில்லு மடியில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"இப்ப கடிக்கறதே இல்லம்மா. விரலை வாயில வச்சாலும் நக்கத்தான் செய்யுது."

"அப்படியாப்பா... அது வந்துப்பா." மகள் இழுத்தாள். "அவங்க வீட்ல எல்லாருமா சேர்ந்து ஊருக்குப் போறாங்களாம். லீவு அதுக்கே சரியாப் போயிடும். எங்களுக்கும் டிக்கெட் எடுத்துட்டாங்க. அடுத்த வருஷம் கண்டிப்பா வர்றோம்ப்பா. பரவால்லதானே?"

பதிலை அவளே கையில் கொடுத்துவிட்டாள், வாங்கித் திருப்பித் தந்தால் போதும். அவர் ஜன்னலைப் பார்த்தார். புதுக் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. மறுமுனையில் மகள். இப்போது கத்தினால் அவள் பதறுவாள், கையை விட்டுவிடுவாள். வாய் தானாக 'பர' என்று தொடங்கியது. நெஞ்சுக்குள் எதுவோ எலும்புவரை இறங்கியிருந்தது.

"வலிக்குதும்மா" என்றார்.

மடியில் சில்லு திடுக்கிட்டு விழித்தது. கடிக்கவில்லை, எதுவும் செய்யவில்லை. ஆனாலும் காதை மடக்கிக்கொண்டு இறங்கி, மிதியடிக்குப் போய் உட்கார்ந்து, தான் என்ன தப்புச் செய்தோம் என்று அவரையே பார்த்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"நீ இல்லடா. உன்னைச் சொல்லலடா."

"என்னைத்தானேப்பா?" என்றது போன்.

பழைய சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அதை விழுங்கினார்.

"ஆமாம்மா" என்றார்.