வில்லியனூரில் சுண்ணாம்பு பூசிப் பார்த்த கார்: எங்கள் ஹைபிரிட்டுக்கு அடித்தகடு போட்ட ஒரு நாள்

இந்தத் தளத்தில் நான் இதுவரை எழுதிய பயணங்கள் எல்லாம் ஒரே காரில் போனவை. அது அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஹைபிரிட் கார். பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். மெதுவாகப் போனால் சத்தமே இருக்காது. பஸ்ஸில் ஏறி, டிக்கெட் கேட்டு, தெரியாதவர் பக்கத்தில் உட்காருவது எனக்கு இன்னும் கஷ்டம்தான். பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்ட பிறகு வீடும் கடையும் தவிர நான் பார்த்த ஊர்கள் எல்லாம் இந்தக் காரின் முன் சீட்டில் உட்கார்ந்து பார்த்தவை.

அந்தக் காரை விற்கப் போவதாக அப்பா சொன்னார். அதனால்தான் இந்தப் பயணம்.

பாகூரில் எங்களுக்கு மளிகைக் கடை. வீட்டுத் தெருவுக்குள் வர ஏரி வாய்க்கால் மேல் ஒரு சின்னப் பாலம் உண்டு. போன மழைக்குப் பிறகு அதை உயர்த்திக் கட்டினார்கள். தெருவுக்குள் இப்போது தண்ணீர் வருவதில்லை, அந்த வகையில் நல்ல வேலைதான். ஆனால் இரண்டு பக்கமும் சரிவு போதாது, பாலம் கூன் போட்டு நிற்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் கார் அதில் இடித்து, அடியில் இருந்த பிளாஸ்டிக் உறை கிழிந்து தொங்கியது. உறையை மாற்றிக் கொடுத்த சர்வீஸ் சென்டரில் ஒரு விஷயம் சொன்னார்கள். இந்த மாதிரி காரில் பின்னால் இருக்கும் பெரிய பேட்டரியிலிருந்து இன்ஜின் வரை ஆரஞ்சு நிறத்தில் ஒரு தடிமனான கேபிள் அடியில் போகிறது. அது அடிபட்டால் ஆகும் செலவுக்குக் காரையே விற்றுவிடலாம்.

அப்பா அதையே பிடித்துக்கொண்டார். "இன்னொரு வாட்டி அடிச்சா வித்துட்டு லோடு ஆட்டோ வாங்கிடுவேன்." கடைசி முயற்சியாக, ஜீப்புகளுக்குப் போடுவது போல இன்ஜினுக்கு அடியில் ஒரு தகடு போட்டுப் பார்க்கலாம் என்றார். தவளக்குப்பத்தில் ஒரு கடையில் அரை மணி நேரத்தில் போட்டுத் தருகிறோம் என்றார்கள். ஆனால் காரின் அடித்தரையில் துளை போட்டு ஸ்க்ரூ அடிப்பார்களாம். கேபிள் ஓடும் இடத்தில் துளையா என்று எனக்குப் பயம். பிறகு, ஹைபிரிட் கார் வைத்திருக்கும் எங்கள் மளிகைக் கடை வாடிக்கையாளர் ஒருவர் வில்லியனூரில் ஒரு கடையைச் சொன்னார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 7.15க்குப் புறப்பட்டோம். ஏம்பலம் வழியாகப் போனோம். இரண்டு பக்கமும் நெல், பிறகு கரும்பு, பிறகு மறுபடி நெல். கரும்பு டிராக்டர் ஒன்றின் பின்னால் பத்து நிமிடம் ஊர்ந்தோம். அந்தப் பத்து நிமிடமும் கார் பேட்டரியிலேயே ஓடியது. வில்லியனூர் ரயில்வே கேட்டைத் தாண்டி ஒன்றரை கிலோமீட்டர் போனால் வலது பக்கம் நீல நிறத் தகரக் கதவு. பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே ஒரு மாதா படமும் அதற்குக் கீழே வரிசையாக ஸ்பேனர்களும் தெரிந்தால் அதுதான் கடை. மீட்டரில் 18.6 கிலோமீட்டர், நேரம் 7.55.

கடையை நடத்துவது கணவனும் மனைவியும். ஆரோக்கியம் அண்ணன் குழிக்குள் இறங்கி வேலை பார்ப்பவர். ஸ்டெல்லா அக்கா அளவெடுப்பது, அட்டையில் மாதிரி வெட்டுவது, தகடு வளைப்பது எல்லாம். காரை வேலைக் குழியின் மேல் நிறுத்தியதும் ஆரோக்கியம் அண்ணன் முதலில் கேட்டது சாவியைத்தான். அதை வாங்கிப்போய்ச் சாலையோர வேப்பமரத்து ஆணியில் மாட்டினார்.

"இந்த வண்டி தூங்குதா முழிச்சினு இருக்குதான்னு தெரியாதுண்ணே. சத்தமில்லாம நிக்கும், திடீர்னு இன்ஜின் ஸ்டார்ட் ஆவும். நான் கீழ இருக்கும்போது அது முழிக்கக் கூடாது."

இதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

அடுத்து அவர்கள் செய்ததை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஸ்டெல்லா அக்கா ஒரு வாளியில் சுண்ணாம்பு கரைத்து, குழிக்குள் இறங்கி, சூடாகும் புகைக்குழாயை மட்டும் விட்டுவிட்டு, காரின் அடி முழுவதும் சுவருக்கு அடிப்பது போல வெள்ளை அடித்தார். காய முக்கால் மணி நேரம் ஆனது. எங்கே தகடு வேண்டும் என்பதை எந்த வண்டிக்கும் இப்படித்தான் கண்டுபிடிப்பார்களாம். கடையிலிருந்து அறுநூறு மீட்டரில் வயல் பக்கம் ஒரு வாய்க்கால் மேடு இருக்கிறது. எங்கள் பாலத்தின் படத்தை என் போனில் காட்டினேன். "அதே கூனுதான்," என்றார் ஆரோக்கியம் அண்ணன். வழக்கமாக வண்டியில் போகிற ஆட்களோடும் சாமான்களோடும் அந்த மேட்டில் ஏற்றி இறக்கிவிட்டு வர வேண்டும். எங்கே சுண்ணாம்பு உரிந்திருக்கிறதோ அங்கே தகடு.

"வண்டியில எவ்ளோ வெயிட்டுண்ணே ஏத்துவீங்க?" என்று கேட்டார் ஸ்டெல்லா அக்கா.

"வெயிட்டா? நானும் பொண்ணும்தான்மா," என்றார் அப்பா.

நான் தரையைப் பார்த்தேன்.

அப்பாவும் நானும் போய்விட்டு வந்தோம். மேட்டில் ஒரு சத்தமும் இல்லை. குழிக்குள் இறங்கிப் பார்த்த ஸ்டெல்லா அக்கா, "ஒரு பொட்டு கூட உரியல," என்றார்.

"அதெல்லாம் வேணாம்மா. இன்ஜினுக்குக் கீழ போட்டு வுடு. நான்தான் சொல்றேன்ல," என்றார் அப்பா.

"அடிபடாத எடத்துல பிளேட்டு போட்டுக் காசு வாங்கினா எனக்குத் தூக்கம் வராதுண்ணே," என்றார் ஆரோக்கியம் அண்ணன்.

"வராதாம்! ஒம்போது மணிக்கே குறட்டை வுடுற ஆளு," என்றார் ஸ்டெல்லா அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு உண்மை தெரியும். செவ்வாய்தோறும் நாங்கள் வில்லியனூர் மண்டியில் அரிசி எடுத்து டிக்கியில் ஏற்றிக்கொண்டுதான் வீடு திரும்புவோம். பாலத்தில் கார் இடித்ததும் அப்படி ஒரு செவ்வாய்க்கிழமைதான். அப்பா அதை வெளியே சொல்ல மாட்டார். காரை வாங்கிய புதிதில் என் மாமா, "இன்னா மச்சான், பிளஷர் கார வாங்கி மூட்ட வண்டி ஆக்கிட்ட?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து டிக்கியைத் திறக்கும்போதே அப்பா சுற்றிலும் பார்ப்பார்.

ஆனால் தகடு தவறான இடத்தில் விழுந்தால் பாலம் மறுபடி இடிக்கும். அப்புறம் கேபிள். அப்புறம் லோடு ஆட்டோ. ஆரோக்கியம் அண்ணன் தயங்கித் தயங்கி இன்ஜின் பக்கம் டேப்பை நீட்டியபோது எனக்குக் காது சுட்டது.

"மூட்ட ஏத்துவோம்," என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். "டிக்கியில அரிசி மூட்ட. நாலு."

"எத்தினி கிலோ மூட்ட பாப்பா?" என்று கேட்டார் ஸ்டெல்லா அக்கா.

"இருவத்தாறு."

(தெரியாதவர்களுக்கு: இருபத்தைந்து கிலோ வரையிலான மூட்டைக்கு வரி உண்டு என்பதால் இப்போது அரிசியை இருபத்தாறு கிலோ மூட்டையாகத்தான் கட்டுகிறார்கள். நாலு மூட்டை என்றால் 104 கிலோ.)

அப்பா என்னைப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு எதிரில் இருந்த டீக்கடைக்குப் போய்விட்டார்.

ஸ்டெல்லா அக்கா வாசலில் நின்று அவர் முதுகைப் பார்த்துக் கத்தினார். "அண்ணே, இதுக்கா வெக்கம்? போன மாசம் ஒருத்தரு கன்னுக்குட்டிய பின் சீட்டுல உக்கார வச்சி இட்டாந்தாரு! அதுக்கு சீட் பெல்ட்டு வேற!"

டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். அப்பா திரும்பவில்லை.

கடைக்குப் பின்னால் கொட்டியிருந்த மணலைச் சாக்குகளில் அள்ளி, தராசில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றும் இருபத்தாறு கிலோ வரும்படி ஆரோக்கியம் அண்ணன் கட்டினார். நான் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டேன். நாலாவது சாக்கு நிறைவதற்குள் அப்பா வந்துவிட்டார். ஒரு மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்து டிக்கிக்குள் இறக்கினார். எந்த மூட்டை எங்கே வரும் என்று அவருக்குத்தானே தெரியும். இரண்டு உள்ளே குறுக்காக, இரண்டு மேலே.

காரின் பின்பக்கம் அமுங்கியது. பெரிய பேட்டரியும் அங்கேதான் இருக்கிறது, அதன் எடையும் சேர்ந்துகொள்கிறது. மறுபடி அந்த வாய்க்கால் மேட்டுக்கு ஓட்டிப் போனோம். ஏறி முன் சக்கரம் இறங்கும்போது அடியில் 'சர்ர்ர்' என்று கேட்டது. அப்பாவின் கை ஸ்டியரிங்கில் அப்படியே நின்றுவிட்டது.

இந்த முறை அப்பாவே குழிக்குள் இறங்கினார். நானும் இறங்கினேன். காரின் நடுவில், டிரைவர் இல்லாத பக்கமாக, சுண்ணாம்பு இரண்டு சாண் நீளத்துக்கு உரிந்து கறுப்பாகத் தெரிந்தது. அதிலிருந்து நாலு விரல் தள்ளி, ஆரஞ்சு கேபிளின் உறை. உறையின் ஓரத்தில் ஒரு பழைய கீறலும் இருந்தது. இன்ஜின் பக்கம் சுண்ணாம்பு அப்படியே வெள்ளையாக இருந்தது.

"இங்க போட்டா போதுமாப்பா?" என்று ஆரோக்கியம் அண்ணனிடம் கேட்டார் அப்பா. மெதுவாகத்தான் கேட்டார்.

அதன் பிறகு நடந்த வேலையைப் பார்க்கவே அவ்வளவு தூரம் போகலாம். ஸ்டெல்லா அக்கா ஒரு பிரிட்ஜ் அட்டைப்பெட்டியைக் கிழித்து அடியில் ஒட்டவைத்து, போல்ட் வரும் இடமெல்லாம் விரலால் அழுத்தித் தடம் எடுத்தார். நாலு மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை அதே மாதிரி வெட்டி ஓரங்களை மேல்நோக்கி வளைத்தார், கல்லில் பட்டால் மாட்டிக்கொள்ளாமல் வழுக்கிப் போவதற்காக. புகைக்குழாய்ப் பக்கம் காற்றுப் போக இடைவெளி விட்டார்கள். தரையில் ஒரு துளைகூடப் போடவில்லை. காரில் ஏற்கெனவே இருக்கும் போல்ட்டுகளிலேயே, நடுவில் ரப்பர் வைத்து மாட்டினார்கள். மூன்று முறை மாட்டிக் கழற்றினார்கள். மூன்றாவது முறைக்குக் காரணம், ஓர் ஓரத்தில் அரை விரல் இடைவெளி கூடுதலாக இருந்தது. "நீ பார்க்கலன்னா யாரும் பார்க்க மாட்டாங்கடி," என்றார் ஆரோக்கியம் அண்ணன். "நான் பார்த்துட்டனே," என்று அவர் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கினார் ஸ்டெல்லா அக்கா.

மதியம் 2.40க்கு வேலை முடிந்தது. தகடு 3,900 ரூபாய், போல்ட்டுக்கு வைத்த ரப்பர் 450, கூலி 1,800. மொத்தம் 6,150. பணத்தை வாங்கிக்கொண்டு ஸ்டெல்லா அக்கா அப்பாவிடம் சொன்னார்: "பிளேட்டு இருக்குதுன்னு நாலு ஏத்தாதீங்கண்ணே. அது அடிய வாங்கிக்கும், வண்டியத் தூக்காது. ரெண்டு ஏத்துங்க."

அப்பா தலையாட்டினார். அவர் யாருக்கும் தலையாட்டிவிடுவார் என்பது எனக்குத் தெரியும்.

அங்கிருந்து மண்டிக்குப் போனோம். சுமை தூக்குபவர் வழக்கம்போல மூட்டைகளைக் கொண்டுவந்தார். ஒன்று, இரண்டு. மூன்றாவதைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். நாலைந்து கடைக்காரர்கள் அங்கே இருந்தார்கள். டிக்கி அகலமாகத் திறந்திருந்தது. அப்பா சுற்றிலும் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"இன்னா கயலு, எத்தினி?"

"ரெண்டு."

"ரெண்டு போதும்பா. மீதிய லோடு ஆட்டோல போட்டு வுடு," என்றார் அப்பா, எல்லோருக்கும் கேட்கும்படி. ஆட்டோவுக்கு 350 ரூபாய்.

எங்கள் பாலத்துக்கு வந்தபோது மணி 4.30. அப்பா வேகத்தைக் குறைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டார். நானும்தான். ஏறினோம், இறங்கினோம். ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. காரை நிறுத்தி, தெருவிலேயே முட்டி போட்டுக் குனிந்து பார்த்தார். எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு, "வர ஞாயித்துக்கெழம பிள்ளைச்சாவடி வரைக்கும் போய்ட்டு வரலாமாடி? கடல் பார்த்து எழுதுவ இல்ல?" என்றார்.

உங்களுடையதும் தாழ்வான ஹைபிரிட் என்றால், எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், அரை மணியில் முடிப்பவரிடம் கொடுக்காதீர்கள். அடியில் கை வைக்கும் முன் சாவியைக் காரிலிருந்து தூரமாக வைக்கச் சொல்லுங்கள். தரையில் துளை போட விடாதீர்கள். ஆரஞ்சு கேபிள் எங்கே போகிறது என்று முதலில் காட்டச் சொல்லுங்கள். எஃகுத் தகடு விலை குறைவு, ஆனால் எடை கூடும், அந்த எடையும் காரை அமுக்கும். சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள், கடைக்குப் பக்கத்தில் டீயும் வடையும் மட்டும்தான்.

முக்கியமாக, காரில் உண்மையில் என்ன ஏற்றுகிறீர்களோ அதை ஏற்றிக்கொண்டே போங்கள். அரிசியோ கன்றுக்குட்டியோ, அவர்கள் சிரிப்பார்கள், உடனே மணலை எடைபோட ஆரம்பித்துவிடுவார்கள். ஓட்டுபவர் சொல்லத் தயங்கினால் பக்கத்து சீட்டில் இருப்பவர் சொல்லிவிடுங்கள். முதல் தடவை கேட்காவிட்டால் இன்னொரு தடவை சொல்லுங்கள்.