கிரகணத்துக்குக் கொடுத்த எக்ஸ்ரே

கிரகணம் பார்க்க ராமேஸ்வரம் போவது என்று முடிவானதும் ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு வீட்டுக்குப் புளிசாதம், ஒரு வீட்டுக்குத் தண்ணீர்க் குடம், இன்னொரு வீட்டுக்கு வேனில் விரிக்க ஜமுக்காளம். எனக்குக் கிடைத்தது எக்ஸ்ரே. பத்து வயதில் அதைவிடப் பெரிய கௌரவம் எனக்கு வாய்த்ததில்லை. அதற்குப் பிறகும் வாய்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்போது நாங்கள் சேலத்துக்கு மேலே மலையில், கிளியூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் இருந்தோம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பதினெட்டு வீடுகள். அதற்கு லைன் என்று பெயர். அப்பாவுக்கு ஏணி வேலை. காப்பிச் செடிக்கு நிழல் தருகிற சில்வர் ஓக் மரங்களில் ஏறிக் கிளை வெட்டுவது, மிளகு பறிப்பது எல்லாம் அவர் பாடு. அம்மா பழம் பறிக்கிற சீசனுக்கு மட்டும் கூப்பிடப்படுகிற ஆள். ஆகவே வீடு அப்பா பேரில்தான் இருந்தது. அப்பா வேலையில் இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போகும். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் லைனில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும்.

அந்த வருஷம் ஐப்பசி மழைக்கு நடுவே ஒரு சனிக்கிழமை, மூங்கில் ஏணியின் படி ஒடிந்து அப்பா விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. ஏணி உளுத்துப்போய்விட்டது, மாற்றிக் கொடுங்கள் என்று ரைட்டரிடம் அவர் இரண்டு தடவை கேட்டிருந்தார். எஸ்டேட்டில் ஆட்களின் வருகையைப் பதிவதும், ஏணி மண்வெட்டி முதலான சாமான்களைப் பார்த்துக்கொள்வதும் ரைட்டரின் வேலை. அவர் என்ன செய்தார் என்றால், அப்பா ஞாயிற்றுக்கிழமை, லீவு நாளில், சொந்த அடுப்புக்கு விறகு வெட்டப் போய் விழுந்ததாகப் பதிவுப் புத்தகத்தில் எழுதிவிட்டார். ஒரே ஒரு நாள்தான் தள்ளி எழுதினார், பாவம். ஆஸ்பத்திரிச் சீட்டை நாங்கள் அவரிடம்தான் கொடுத்து வைத்திருந்தோம். அதை எங்கேயோ வைத்துவிட்டேனே என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். மிச்சம் இருந்தது சேலத்தில் எடுத்த எக்ஸ்ரே படம் ஒன்றுதான். அதன் மூலையில் அப்பாவின் பெயரும் ஒரு நம்பரும் சனிக்கிழமைத் தேதியும் வெள்ளை எழுத்தில் இருந்தன.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மேனேஜர் லைனுக்கு வந்தார். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பொங்கல் முடிந்து திங்கட்கிழமை அந்தப் படத்தை ஆபீசுக்குக் கொண்டு வா, வேலை நாளில்தான் விழுந்தாய் என்று அதில் இருந்தால் காப்பி காயப்போடுகிற களத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிற வேலை தருகிறேன், வீட்டிலும் இருந்துகொள் என்றார். ரைட்டர் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சாயங்காலம் அம்மா பல நாளுக்குப் பிறகு ரசத்துக்குத் தாளித்தார்.

கிரகணப் பேச்சு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. பொங்கலுக்கு மறுநாள் மத்தியானம் சூரியனின் நடுவே நிலா புகுந்துகொள்ளும், ஓரம் மட்டும் வளையமாக எரியும், அது ராமேஸ்வரத்தில் முழுசாகத் தெரியும் என்று அரசாங்கம் கொடுத்த டிவியில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குத் தை அமாவாசையும் கூட. தகப்பனாருக்குத் தர்ப்பணம் கொடுக்க ரைட்டர் குடும்பத்தோடு வேன் வைத்துப் போவதாக இருந்தார். வேனில் இடம் இருக்கிறது, லைன் பிள்ளைகள் ஆறு பேரைக் கூட்டிப் போகிறேன் என்று அவராகவே சொன்னார். அந்த ஆறு பேரில் நான் இல்லை. நடக்க முடியாத அப்பாவை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று நானும் ஆசைப்படாத மாதிரி இருந்தேன். உண்மையில் ஒளிந்து ஒளிந்து அழுதுகொண்டிருந்தேன்.

மேனேஜர் வந்து போன மூன்றாம் நாள், பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் ரைட்டர் என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, நீயும் வாரியா ராமேசுரத்துக்கு?"

ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன்.

"வெறுங்கண்ணுல பாத்தா கண்ணு அவிஞ்சு போயிரும் சாமி. எக்ஸ்ரே பிலிம் வெச்சுத்தான் பாக்கோணுமாம். உன்ற ஊட்டுல அப்பாவோடது இருக்குதல்ல? அதைக் கொண்டாந்தீன்னா ஏழு பேரும் பாக்கலாம். இல்லீன்னா போயி என்ன பிரயோசனம்? வேனையே நிறுத்திப்புட வேண்டீதுதான்."

அப்பாவைக் கேட்க வேண்டும் என்றேன்.

"அப்பங்கிட்ட நான் சொல்லிக்கறன். எலும்புதான் கூடிருச்சே, இனி அது எதுக்கு?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. அந்தப் படம் எலும்பைப் பார்க்க எடுத்தது என்பது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். மூலையில் இருந்த தேதிதான் எங்கள் வீட்டைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பதைப் பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்களே தவிர, என்னிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்குச் சொல்லப்பட்டதெல்லாம் அந்தக் கவரை மடக்கக் கூடாது என்பது மட்டும்தான். அம்மா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்.

மறுநாள் அம்மா பறிப்புக்குப் போயிருந்தார். அப்பா மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். கவரை எடுத்துக்கொண்டு ஒரே ஓட்டமாக ஆபீசுக்குப் போனேன். ரைட்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சற்று நேரம் பார்த்தார். பிறகு மேஜையில் வைத்துக் கத்தரிக்கோலை எடுத்து, முதல் காரியமாக அந்த மூலையை வெட்டினார்.

"எழுத்து இருந்தாக் கண்ணை மறைக்கும் சாமி" என்றார்.

அந்தத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எலும்பு தெரிந்த இடம் வெள்ளையாக இருப்பதால் வெயிலைத் தாங்காதாம். அதை ஒதுக்கிவிட்டுச் சுற்றியிருந்த கறுப்பை அழகாகச் சதுரம் சதுரமாக வெட்டினார். எங்கள் கண்களின் மேல் இவ்வளவு அக்கறை உள்ள மனிதர் எஸ்டேட்டிலேயே வேறு யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். நல்ல துண்டாக ஒன்றை எனக்கென்று எடுத்துக் கொடுத்தார்.

வெறும் கவரோடு வீட்டுக்கு வந்தேன். உள்ளே ஒன்றும் இல்லாததால் அது தொய்ந்து தொங்கியது. முருகன் படம் போட்ட, போன வருஷத்து உரக்கடைக் காலண்டர் அட்டை மூலையில் கிடந்தது. அதை எடுத்துக் கவருக்குள் செருகிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். கவர் மடங்காமல் இருக்க அப்படிச் செய்தேனா, மறைக்கச் செய்தேனா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு நான் போவதில் இஷ்டமே இல்லை. "கெரகணத்தன்னிக்குச் சோறே பொங்கக் கூடாதுங்கறாங்க, இவ ராமேசுரம் போறாளாமா" என்று பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாதான், "போயிட்டு வரட்டும் உடு. நொம்ப ஆசைப்படறா" என்றார். ரைட்டர் அப்பாவிடம் பேசிவிட்டார், அதனால்தான் அனுப்புகிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

பொங்கலன்று சாயங்காலம் வேன் புறப்பட்டது. அடிவாரம் வருவதற்குள் இரண்டு பேர் வாந்தி எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலையில் நாங்கள் ஏழு பேரும் வாழ்க்கையில் முதல்முறையாகக் கடலைப் பார்த்தோம். இவ்வளவு தண்ணீரை யாரும் கட்டி வைக்காமல் விட்டிருக்கிறார்களே என்று ஒருத்தி கேட்டாள். மத்தியானம் வெயில் மெல்ல மங்கியது. மேகமே இல்லாமல் மழைக்கு முந்தின வெளிச்சம் மாதிரி ஒன்று மணல்மேல் விழுந்தது. கோயில் நடை சாத்தியிருந்தார்கள், கரையெல்லாம் கூட்டம். நான் துண்டைக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். கறுப்புக்குள்ளே மெல்லிசான ஒரு வளையல் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஏனோ அழுகை வந்தது. அப்படி ஒரு அழகை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை, இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எக்ஸ்ரே வைத்துப் பார்ப்பதே தப்பு, அதிலும் கண் கெடும் என்று இப்போது சொல்கிறார்கள். என் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ரைட்டர் வளையத்தைப் பார்க்கவில்லை. கிரகணம் பிடித்திருக்கும்போது கடலில் முழுகினால் செய்த பாவமெல்லாம் போய்விடும் என்று அவர் மார்பளவு தண்ணீரில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகி முழுகி எழுந்துகொண்டிருந்தார். அவருடைய வேட்டி தண்ணீரில் உப்பிக்கொண்டதைப் பார்த்து நாங்கள் ஏழு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

திங்கட்கிழமை அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். ஒரு கையில் கவர், மறு கை என் தோளில். அவருக்கு அப்போது ஊன்றுகோல் நான்தான். லைனிலிருந்து ஆபீஸ் கூப்பிடு தூரம்தான் என்றாலும் போய்ச் சேர வெகுநேரம் ஆயிற்று. மேனேஜர் மேஜைக்குப் பின்னால் இருந்தார், ரைட்டர் பதிவுப் புத்தகத்தோடு நின்றார். அப்பா கவரைப் பிரித்து உள்ளே இருந்ததை எடுத்து நீட்டினார். உரக்கடை முருகன் மயிலோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா இது?" என்றார் மேனேஜர்.

நான் ரைட்டரைப் பார்த்தேன். இப்போது சொல்வார், இதோ சொல்லப்போகிறார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். என் தோளில் இருந்த அப்பாவின் கை ஒரு தடவை இறுகித் தளர்ந்தது.

"வேற கவரை எடுத்தாந்துட்டனுங்க சார்" என்றார் அப்பா. எங்கள் வீட்டில் வேறு கவரே கிடையாது.

"பாவமுங்க சார், வலியில கவனமில்லாம எடுத்தாந்திருப்பான்" என்றார் ரைட்டர்.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, நாளைக்குக் கொண்டாந்து ரைட்டர்கிட்டக் குடுத்துரு. அவர் பாத்துச் சொன்னாச் சரி" என்று எழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஆனதை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். அம்மா சேலத்துக்குப் போய் வேறு பிரதி கேட்டார். நம்பர் என்ன என்று கேட்டார்கள். நம்பர் அந்த மூலையில்தான் இருந்தது. மாசி முடிவதற்குள் லைன் வீட்டைக் காலி செய்துகொண்டு அடிவாரத்துக்கு இறங்கிவிட்டோம். அம்மா ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினார். அப்பா ஒரு டயர் கடை வாசலில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். அதை வேலை என்று அவரும் சொன்னார், நாங்களும் சொன்னோம். பல வருஷம் கழித்து, மார்கழியில் ஒரு வளையக் கிரகணம் வந்தபோது, நான் வேலை பார்க்கும் இடத்தில் யார் வீட்டில் எக்ஸ்ரே இருக்கிறது என்று கேட்டார்கள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பதினெட்டு வீடு கொண்ட எங்கள் லைனில் எக்ஸ்ரே இருந்தது ஒரே ஒரு வீட்டில். அது ரைட்டருக்குத் தெரியும். மேனேஜர் படம் கேட்டதற்குப் பிறகுதான் வேனில் எனக்கு இடம் வந்தது. அந்த மனிதரை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. கூடவே, கவரைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போன அந்தப் பத்து வயதுக்காரியையும்.

ஆனால் அன்றைக்கு, ஆபீசிலிருந்து திரும்புகிற வழியில், எனக்கு இருந்தது அடி விழுமே என்கிற பயம் ஒன்றுதான். பாதி வழியில் அப்பா தண்ணீர்த் தொட்டிச் சுவரில் உட்கார்ந்தார். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"கெரகணத்துக்கா கண்ணு?" என்றார்.

தலையாட்டினேன்.

"யாரு வெட்டுனது?"

"ரைட்டருங்கப்பா. உங்ககிட்டச் சொல்றன்னாருங்க. மூலையில எழுத்து இருந்துதுல்லீங்க, கண்ணை மறைக்கும்னு அதை மொதல்லயே வெட்டிட்டாருங்க."

அப்பா வெகுநேரம் களத்தின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பெண்கள் காப்பிக் கொட்டையைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். நான் அடிக்காகக் காத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நல்லாத் தெரிஞ்சுதா கண்ணு?"

எனக்குப் போன உயிர் வந்தது. கடல், கூட்டம், மங்கின வெயில், வளையல் மாதிரி எரிந்தது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். எங்கள் பிலிமில்தான் எல்லாரும் பார்த்தார்கள் என்பதைப் பெருமையாகச் சொன்னேன்.

"எத்தன நேரம் இருந்துது?"

"பத்து நிமிசமுங்கப்பா."

"பத்து நிமிசமா" என்றார் அப்பா. பிறகு, "இன்னொருக்காச் சொல்லு" என்றார்.

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். இந்தத் தடவை கரையில் நண்டு ஓடியதையும், பறவைகள் கூட்டுக்குத் திரும்பியதையும் சேர்த்துக்கொண்டேன். அவை நடக்கவே இல்லை. அப்பா ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கிரகணத்தில் இவ்வளவு ஆசை இருந்தது தெரியாமல் போயிற்றே, அவருக்கென்று ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கலாமே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.