நைனா அவிழ்த்த கூந்தல்

அரிதாரமும் விளக்கெண்ணெயும் கலந்த ஒரு வாசனை... எங்கே அடித்தாலும் எனக்கு என் அப்பா, நைனா ஞாபகம்தான்.

காத்திவாக்கத்தில் எங்கள் குப்பத்துத் திரௌபதி அம்மன் கூத்தில் நைனாதான் பாஞ்சாலி. சிரிக்காதீர்கள்! வலை இழுத்துக் காய்த்த கை, வளையல் ஏறாது. ஆனால் கூத்துக்கென்றே வளர்த்த முடி இடுப்புவரை தொங்கும். அம்மாவுக்கே அதில் கொஞ்சம் பொறாமை.

ஐம்பதுகளில் ஒரு வருஷம், எங்கள் கூத்தைப் படம் பிடிக்க ஒரு கோஷ்டி வந்தது. கேமராவுக்கு வெளிச்சம் வேண்டுமென்று துகிலுரிதலைப் பொழுது சாய்வதற்குள் நடத்தினார்கள். துச்சாதனன் இழுத்துவர, நைனா கொண்டையை அவிழ்த்துச் சபதம் போட்டார். குப்பமே அழுதது.

"கட்!"

ஃபிலிம் சிக்கிக்கொண்டதாம். டைரக்டர் பணிவாகத்தான் கேட்டார். "கொண்டையைப் போட்டுக்குங்க, இன்னொரு தடவை எடுத்துடலாம்."

நைனா அசையவில்லை. "அவுத்தது அவுத்ததுதான் சார். படுகளத்துல துரியோதனன் சாயணும், அப்பதான் கொண்டைய முடிவேன். இப்பவே முடிஞ்சா திரௌபதி அம்மா போட்ட சபதம் இன்னா ஆவறது?"

"இந்த சீன் இல்லாட்டி படமே இல்லீங்க..."

பாவம், அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் திருவிழாவின் கடைசி நாளான படுகளம்வரை குப்பத்திலேயே தங்கி, நைனா கூந்தல் முடிந்ததை எடுத்துக்கொண்டுதான் போனார்.

சில மாதம் கழித்துப் படத்தோடு வந்தார். கட்டுமரத்துப் பாயை விரித்துக் கட்டி அதில் காட்டினார்கள். எங்களில் பலருக்கு அதுதான் முதல் படம். துச்சாதனன் இழுக்கிறான்... படம் ஒரு குதி குதித்து அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. டைரக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது என் பக்கத்தில் அம்மா தன் கொண்டையை அவிழ்த்தாள். அவளைப் பார்த்து அத்தை. பிறகு அத்தனை பெண்களும்... யாரும் யாருக்கும் சொல்லவில்லை. நானும் என் எலிவால் ஜடையைப் பிரித்தேன். பாயில் நைனா கூந்தல் முடிகிறவரை ஒருத்தியும் தலைமுடியைத் தொடவில்லை.

நைனா? கடைசி வரிசையில் நின்று, பாயில் தெரிந்த பாஞ்சாலியைக் கைகூப்பிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் படப்பெட்டி எங்கே போனதோ. இப்போது எல்லார் கையிலும் கேமரா. இந்த வருஷத் திருவிழாவில் பேத்தி போனை நீட்டிக்கொண்டு சிணுங்கினாள்.

"ஆயா, முடி அவுக்கறது சரியா விழல. இன்னொரு தபா செய்யச் சொல்லேன்."

"அதெல்லாம் செய்ய மாட்டாங்கடி. போனை உள்ள வச்சிட்டு நீயும் முடிய அவுத்துவுடு."

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு மேடையைப் பார்த்தாள்.

மெதுவாகக் கிளிப்பைக் கழற்றினாள்.