பிரஷர் என்று சொன்ன மாத்திரை

இருதயம்மா எனக்குத் தூரத்து ஆளில்லை. என் சின்னம்மா மகள் அன்னத்தின் மருமகள். அன்னத்தின் மூத்தவன் தேவதாசனைக் கட்டி, அப்புத்தளைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டுக்கு வந்தவள். அவளுடைய உண்மையான பெயர் வேறு. அதை நான் எழுதப்போவதில்லை.

தேவதாசன் கொழும்பில் வேலைக்குப் போய், உடம்பு உருகித் திரும்பிவந்து செத்துப்போனான். அதற்குப் பிறகுதான் பதுளை ஆஸ்பத்திரியில் இவளுடைய ரத்தத்தையும் பார்த்தார்கள். எச்.ஐ.வி. இவளுக்கும் இருந்தது.

அங்கே கிளினிக்கில் நர்ஸாக இருந்த றஷீனா மிஸ், “மாத்திரைய விடாமப் போட்டா நல்லா இருப்பீங்க. லயத்துல சொல்லணும்னு கட்டாயம் இல்ல” என்று தைரியம் சொல்லி அனுப்பினாள். இருதயம்மா வீட்டுக்கு வந்து, பிரஷர் மாத்திரை என்று சொல்லிவைத்தாள். யாரும் துருவிக் கேட்கவில்லை. கொழுந்து எடுக்கிறவர்களில் பாதிப்பேருக்குப் பிரஷர்தானே.

பிழை அங்கேதான் வந்தது. எங்கள் லயங்களில் பிரஷர் மாத்திரையும் சீனி மாதிரிதான். ஒரு வீட்டில் தீர்ந்தால் அடுத்த வீட்டில் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்த பாக்கியலெட்சுமிக்கு நிஜமாகவே பிரஷர். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து முடிந்துபோன சமயம், அவள் கேட்காமலே இவளுடைய போத்தலைத் திறந்துவிட்டாள்.

“உன் மாத்திரையத்தான் போட்டுக்கிட்டு இருக்கேன்டி” என்றாள் ஒருநாள், தண்ணீர் விழுகிற பீலியடியில் துணி அலசிக்கொண்டே.

இருதயம்மா குடத்தைக் கீழே வைத்தாள். “அது எனக்குன்னு டொக்டர் அளந்து குடுத்ததுக்கா. நீங்க போடாதீங்க.”

“ஏன்டி, உன் பிரஷர் என்னா தொரை வீட்டுப் பிரஷரா? எங்க ஒடம்புக்கு ஏறாதா?”

தண்ணீர் பிடிக்க நின்றவர்கள் சிரித்தார்கள். இவளும் சிரித்துவைத்தாள். அன்றைக்கே போத்தலைத் துணிமூட்டைக்குள் ஒளித்தாள். ‘எச்சக்கையால காக்கா வெரட்டாதவ’ என்று பாக்கியம் முணுமுணுத்தாளே தவிர, டிஸ்பென்சரிக்கும் போகவில்லை, பதுளைக்கும் போகவில்லை.

ஒருநாள் மலையில் பாக்கியம் கூடையோடு சாய்ந்தாள். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. லொறியில் ஏற்றிப் பதுளைக்குக் கொண்டுபோனார்கள். வழி முழுக்க இருதயம்மாவின் மடியில்தான் அவள் தலை.

“என்ன மருந்து போட்டுவந்தாங்க?” என்று டொக்டர் கேட்டார்.

“பிரஷர் மாத்திரைதான் சேர், இவகிட்ட வாங்கி” என்றார்கள் கூடவந்த பெண்கள்.

அவர்களை வெளியே போகச்சொல்ல இவள் துணியவில்லை. தவறான மருந்தைக் கொடுத்துவிடுவார்களோ என்று பயந்தாள்.

“அது பிரஷர் மாத்திரை இல்ல சேர். எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. அதுக்குப் போடுறது.”

பக்கத்தில் நின்ற பெண்கள் அரையடி நகர்ந்தார்கள். தொட்டால், கூட உட்கார்ந்து சாப்பிட்டால் தொற்றாது என்று றஷீனா மிஸ் வந்து விளக்கினாள். தலையாட்டினார்கள். மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் இருதயம்மாவின் இரண்டு பக்கமும் ஆளில்லை. அந்த மாதம் கிளினிக்குக்குப் போகாமலே இருந்துவிடலாமா என்றுகூட நினைத்திருக்கிறாள். போனாள்.

பாக்கியம் பிழைத்து வந்தாள். இடது கை மட்டும் சரியாக எழும்பவில்லை. இருதயம்மா கஞ்சி கொண்டுபோய் வாசலிலேயே நின்றாள்.

“எங்கிட்டயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல. அத நம்பி என் மருந்த விட்டிருக்க மாட்டேன். என் கை போயிருக்காதே.”

“சொல்லியிருந்தா எங்க வீட்டுக்குள்ள வந்திருப்பீங்களாக்கா?”

 பாக்கியம் கஞ்சிக் கோப்பையை வாங்க வலது கையை நீட்டவில்லை. இருதயம்மா அதைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.