விதைக்காக உப்பை விட்டவர்

பழச்சாறு கடைக்காரர் முப்பது வருஷமாகத் திராட்சை விதையைக் குப்பையில் கொட்டியவர். வடிகட்டியைத் தட்டுவதும் வாடிக்கையாளரைத் திட்டுவதும் அவருக்கு ஒரே மூச்சில் நடக்கும். வீட்டிலும் அப்படித்தான், சாப்பாட்டில் உப்பு குறைந்தால் தெருக்கோடி வரை கேட்கும்.

ஒருநாள் ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி அந்த விதையைக் கேட்டு வாளியோடு வந்தாள். விதையில் இருக்கிற சில சத்துகள் ரத்த அழுத்தத்தைக் குறைக்கலாமாம், இன்னும் உறுதியாகவில்லையாம். "இதுவா?" என்று வடிகட்டியை இரண்டு தடவை பார்த்தார். அன்றிலிருந்து விதையைக் கழுவிக் காயவைத்துத்தான் கொடுத்தார். மாத்திரை தயாரானதும், தனக்கும் அழுத்தம் கொஞ்சம் கூடுதல் என்பதால், சோதனைக்குப் பெயர் கொடுத்தார்.

பாதிப் பேருக்கு விதைப்பொடி மாத்திரை, மீதிப் பேருக்கு அதே மாதிரி வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று அந்தப் பெண்ணுக்கே தெரியாது. மூன்று மாதம் சாப்பாட்டையோ பழக்கத்தையோ மாற்றக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னாள். பெரிதாகத் தலையாட்டிவிட்டு வந்தவர், நேரே உப்பு ஜாடியைப் பரணில் ஏற்றினார். விதை தோற்றுவிடக்கூடாது, அவ்வளவுதான். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குத் தகப்பன் பென்சில் சீவிக் கொடுப்பதில்லையா? கத்தினால் அழுத்தம் ஏறும் என்று கோபத்தையும் விழுங்கினார். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்த அன்றுகூட "பரவாயில்ல, துடைச்சுக்கலாம்" என்றார். மனைவி பயந்துபோய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வாராவாரம் அழுத்தம் இறங்கியது. கடைசி நாள் மனைவியும் கூட வந்தாள்.

"உனக்குக் கோடி புண்ணியம்மா," என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூணு மாசமா உப்பில்லாமத்தான் சாப்பிடுறார். ஒரு அதட்டல் இல்ல. இந்த ஆராய்ச்சிய இன்னும் ஒரு வருஷம் இழுக்க முடியாதா?"

ஆராய்ச்சிக்காரப் பெண் நிமிர்ந்தாள். "உப்ப விட்டுட்டீங்களா, ஐயா?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "விதைக்கு ஒரு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு..."

"இப்ப இறங்கினது எதனாலன்னு நான் எப்படிங்க சொல்றது? உங்களச் சேர்க்க முடியாது." பட்டியலில் அவர் எண்ணின் மேல் ஒரு கோடு விழுந்தது.

தெருவில் மனைவி ஓரடி தள்ளியே நடந்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று அவள் முகமே சொன்னது. வீட்டுக்கு வந்ததும் ஜாடியை அவளே இறக்கி, அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள்.

முப்பது வருஷமும் அவள் இப்படித்தான் நின்றிருக்கிறாள். அவர் தட்டை மட்டும்தான் பார்த்திருக்கிறார். சுருக்கென்றது.

"நீயும் உட்காரு," என்றார். "உப்ப நீயே போடு. கூடக் குறைய இருந்தாலும் பரவாயில்ல."

அவள் உட்கார்ந்தாள். ஆனால் ஜாடியைத்தான் இரண்டு பேராலும் திறக்க முடியவில்லை. மூன்று மாதத்தில் மூடி இறுகிப்போயிருந்தது.