வரிசையின் கடைசியில் ஆர்லெத்

சேன்-ஓப்ரி கிராமத்துச் சைக்கிள் சங்கத்தில் வரிசையின் கடைசியில் வருகிறவருக்குத் துடைப்பம் என்று பெயர். பின்தங்கியவர்கள், பஞ்சர் ஆனவர்கள், மூச்சு வாங்கி நின்றவர்கள் எல்லோரையும் கூட்டிச் சேர்த்துக்கொண்டு வருவது அவர் பொறுப்பு. சாலை பிரிகிற இடங்களில் மற்றவர்கள் ஒரு காலைத் தரையில் ஊன்றிக் காத்திருப்பார்கள். துடைப்பம் வந்து, "எல்லாரும் வந்தாச்சு!" என்று குரல் கொடுத்த பிறகுதான் முன்னால் இருப்பவர் பெடலை மிதிப்பார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்கூட இந்த ஊரில் இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

அந்தக் குரல் நெடுங்காலம் ரெமியுடையது. தச்சுப்பட்டறை வைத்திருந்த கனத்த மனிதன். வேகமாகப் போவதில் அவனுக்கு ஆசையே இருந்ததில்லை. அவன் மனைவி ஆர்லெத், பள்ளிக்கூடத்துச் சமையற்காரி, அதற்கு நேர்மாறு. ஊர்ப் பெயர்ப்பலகை தூரத்தில் தெரிந்தால் போதும், இருக்கையை விட்டு எழுந்துவிடுவாள். யார் முதலில் பலகையைத் தாண்டுவது என்பதில் ஆண்களுக்குள் நடக்கும் போட்டியில் பாதி நாள் அவள்தான் ஜெயிப்பாள்.

"ஒருத்தி முன்னாடி பறக்குறா, ஒருத்தன் பின்னாடி உருள்றான். நடுவுல குடும்பம் எப்படி நடக்குது?" என்று மெக்கானிக் மார்சோ கேட்பான். சங்கத்துக்குத் தலைவனும் அவன்தான்.

"நடுவுல நீ இல்லாததால நல்லா நடக்குது," என்பாள் ஆர்லெத்.

மூன்று வருடங்களுக்கு முன் ஓர் அக்டோபர் ஞாயிறு. வீடு திரும்பும் கடைசித் துண்டில் மட்டும் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. சேன்-ஓப்ரி பலகையைத் தாண்டியதும் நேராகச் சதுக்கத்துக் காப்பிக்கடைதான். அன்றைக்குப் பலகையை ஜெயித்தவள் ஆர்லெத். வெள்ளை ஒயினும் ஆட்டுப்பால் சீஸும் மேசைக்கு வந்தன. ரெமியைக் காணோம். "துடைப்பம் வழியெல்லாம் இலை கூட்டிக்கிட்டு வருது போல," என்றார் யாரோ. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு டிராக்டர் ஓட்டுகிற ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

ஆற்றங்கரைப் பாப்ளர் மரங்களுக்குக் கீழே, புல்லில், ரெமி கிடந்தான். இதயம் ஒரு நொடியில் நின்றுபோயிருக்கிறது, பக்கத்தில் யார் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். அதையே ஊரில் எல்லோரும் அவளிடம் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அவளும் தலையாட்டினாள்.

அடுத்த வசந்தத்தில் ஆர்லெத் சைக்கிளோடு சதுக்கத்துக்கு வந்து, "இனிமே கடைசியில நான் வர்றேன்," என்றாள். அன்றிலிருந்து எந்தப் பலகைக்காகவும் அவள் எழுந்து மிதிக்கவில்லை. ரெமியின் குரலையும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் வந்துவிட்டால் கையை மட்டும் உயர்த்துவாள். பாப்ளர் மரங்கள் வரும்போது தலையைத் திருப்பாமல் வேகமாகக் கடந்துவிடுவாள். துடைப்பம் வேகமாகப் போவது அந்த ஓர் இடத்தில்தான்.

இந்த ஜூனில் சங்கத்தின் பழைய ஆள் ஒக்தாவ் திரும்பி வந்தார். எழுபத்தெட்டு வயது. நோட்டரி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். சைக்கிள் உடைக்குள்ளும் காலர் வைத்த சட்டை போட்டிருப்பார், பெண்கள் யாரானாலும் 'மதாம்' இல்லாமல் பேசமாட்டார். குளிர்காலத்தில் பைபாஸ் ஆகியிருந்தது. அவர் மனைவி தெனீஸ் சதுக்கம் வரை கூடவே வந்து, ஆர்லெத்தின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பின்னாடி வர்றேன்னுதான் இவர அனுப்புறேன். வேற யாரா இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்."

"கண்ண எடுக்க மாட்டேன் தெனீஸ்."

"நான் என்ன பால் பாத்திரமா, பொங்கிடாம பாத்துக்கிட்டே இருக்க?" என்றார் ஒக்தாவ்.

ஆர்லெத் சொன்னபடியே கண்ணை எடுக்கவில்லை. திராட்சைத் தோட்டங்கள், கோதுமை, மோந்தூர் ஏற்றம், எல்லாவற்றிலும் அந்த மெலிந்த முதுகு அவளுக்கு முன்னால் சீராகப் போய்க்கொண்டிருந்தது. லா ரோஷெத் கோட்டையின் மதில் வளைகிற இடத்தில் மட்டும் சந்திலிருந்து ஒரு டிராக்டர் வெளியே வந்து, அவர்கள் இருவருக்கும் நடுவில் நின்று, முன்னும் பின்னும் நகர்ந்து திரும்பியது. அது விலகியபோது வளைவுக்கு அப்பால் சாலை காலியாக இருந்தது. அங்கிருந்து நல்ல இறக்கம். இறக்கம் அவரை இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்து அவளும் இறங்கினாள்.

கீழே தேவாலயத்துக்கு எதிரில் எல்லோரும் நின்றிருந்தார்கள். கையை உயர்த்தப் போனவள் பாதியில் நிறுத்தினாள்.

"ஒக்தாவ் எங்க?" என்றான் மார்சோ.

"உங்களோட இல்லையா?"

"உனக்கு முன்னாடிதான வந்துக்கிட்டிருந்தாரு?"

இந்தத் தடவை யாரும் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. மார்சோ போனை எடுத்து ஒக்தாவின் எண்ணை அழுத்திக் காதில் வைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஆர்லெத் சைக்கிளைத் திருப்பிவிட்டாள்.

இறங்கும்போது தெரியாத மேடு ஏறும்போது மலையாக நின்றது. ரொம்ப நாளுக்குப் பிறகு இருக்கையை விட்டு எழுந்து மிதித்தாள். இரண்டு பக்கமும் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே போனாள். உயரமான புல் அசையும்போதெல்லாம் பிரேக்கைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். தெனீஸ் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த கை நினைவில் வந்தது. அவளிடம் என்ன சொல்வது? ஒரு நொடியில் நடந்துவிட்டது, பக்கத்தில் யார் இருந்திருந்தாலும் என்று சொல்வதா? அந்த வார்த்தைகளை ஒருத்தி எப்படிக் கேட்டுக்கொள்வாள் என்று ஆர்லெத்துக்குத் தெரியும்.

மதில் வளைவில், ஐவிக்கொடிக்குள் பாதி மறைந்து, ஒக்தாவின் சைக்கிள் சாய்ந்திருந்தது. ஹெல்மெட் ஹேண்டில்பாரில் தொங்கியது. முன்னால் மாட்டிய பைக்குள் போன் மறுபடி அடித்துக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஓய்ந்தது.

"முசியே ஒக்தாவ்!"

குரல் அவளுடையது போலவே இல்லை. மதிலில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓர் உடைசல் இருந்தது. செந்தட்டிச் செடிகள் காலில் பட்டு அரிக்க, அதற்குள் நுழைந்தாள்.

உள்ளே ஒரு பெண்குரல் கேட்டது.

"வேர்ல ஊத்துங்க முசியே, இலைல இல்ல. அந்த மூலைல இருக்கறதுக்கு இன்னும் கொஞ்சம்."

கோட்டையின் பின்பக்கம் அது. உதிர்ந்த காரை, துணி காயும் கயிறு, வரிசையாக நீல ஹைட்ராஞ்சியாப் பூக்கள். நடுவில் ஒக்தாவ், கையில் தகரப் பூவாளியோடு, சைக்கிள் ஷூ கல்லில் டக் டக்கென்று ஒலிக்க நடந்துகொண்டிருந்தார். சமையலறைப் படியில் ரப்பர் பூட்ஸ் போட்ட வயதான அம்மாள் ஒருத்தி கைத்தடியால் இடம் காட்டிக்கொண்டிருந்தாள். கோட்டைக்காரி மதாம் த வோக்லேன்.

அவள் ஆர்லெத்தை ஏற இறங்கப் பார்த்தாள். "இவங்க அடுத்த ஆளா? எங்க மதிலுக்கு இன்னிக்கு யோகம்தான்."

ஒக்தாவ் காது வரை சிவந்துபோனார். "மதாம் ஆர்லெத், நான் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் நின்னிருக்கணும்."

"என்ன சொல்லிட்டு?"

அவர் பூவாளியைப் பார்த்தார். "டாக்டர் குடுத்த மாத்திரை. நீர் பிரியற மாத்திரை. ரெமி இருந்தப்ப யாரானாலும் கண்ணக் காட்டினாப் போதும், நின்னுடுவான். ஒரு பொம்பளகிட்ட போய் எனக்கு ஒதுங்கணும்னு எப்படிங்க சொல்றது? டிராக்டர் மறச்சுது, இதான் சமயம்னு உள்ள நுழஞ்சுட்டேன்."

"நான் ஜன்னலத் தொறக்குறேன், காலர் வச்ச சட்டை போட்ட ஒரு பெரிய மனுஷர் எங்க மதிலப் பாத்து நிக்கிறார்," என்றாள் கோட்டைக்காரி. "ரெண்டு யுத்தம் பாத்த மதில் இது. 'தண்ணி தாராளமா இருக்கு போல, கிணத்துலேர்ந்து இறைச்சு என் செடிக்கும் ஊத்திட்டுப் போங்க'ன்னேன். மறுக்காம செஞ்சார். நல்ல வளர்ப்பு."

ஆர்லெத் சிரிக்க ஆரம்பித்தாள். படியில் உட்கார்ந்து, முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். நடுவில் எங்கேயோ அந்தச் சிரிப்பு வேறாக மாறியது. அவளால் அதை நிறுத்தவும் முடியவில்லை, மறைக்கவும் முடியவில்லை. ஒக்தாவ் பூவாளியை வைக்க இடம் தெரியாமல் நின்றார். கோட்டைக்காரி உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து, சிரமப்பட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"இவரத் தொலைச்சுட்டோம்னு நெனச்சிட்டீங்களா?"

ஆர்லெத் தலையாட்டினாள். தண்ணீர் பல் கூசும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது. முழுக்கக் குடித்தாள்.

அதற்குள் மதிலின் உடைசல் வழியாக மார்சோ தலையை நீட்டினான். முகம் வெளுத்திருந்தது. பூவாளியைப் பார்த்தான், ஒக்தாவைப் பார்த்தான், மதிலைப் பார்த்தான்.

"உயிரோடதான் இருக்கீரா? தெனீஸ்கிட்ட என்ன சொல்றதுன்னு ஏத்தம் முழுக்க ஒத்திகை பாத்துக்கிட்டு வந்தேன்யா!"

"அவகிட்ட எதுவும் சொல்லாத."

"சொல்லாமலா? ஊர்ப் பத்திரிகையிலயே போடச் சொல்லப்போறேன்."

அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். மதிலுக்கு வெளியே பிரேக் சத்தமும் சிரிப்பும் கேட்டன. ஆர்லெத் எழுந்து, முகத்தைக் கையுறையால் துடைத்துக்கொண்டு, உடைசலுக்கு வந்தாள். கையை உயர்த்தவில்லை.

"எல்லாரும் வந்தாச்சு!" என்றாள்.

குரல் பிசிறடித்தது. மார்சோ சட்டென்று குனிந்து, ஒன்றும் ஆகாத சங்கிலியைத் தடவிப் பார்த்தான்.

காப்பிக்கடையில் புது விதி ஒன்று முடிவானது: இனி கடைசியில் வருவது இரண்டு பேர், துடைப்பத்துக்கும் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். ஒக்தாவ்தான் முதலில் கை தூக்கினார். தெனீஸ் காரில் வந்து இறங்கி, செடிக்குத் தண்ணீர் ஊற்றிய கதையைக் கேட்டு, "வீட்டுல ஒரு தொட்டிக்கு ஊத்தச் சொன்னா முதுகு வலிக்குமே!" என்றாள்.

அடுத்த ஞாயிறு, திரும்பி வரும் வழியில், ஒக்தாவ் திடீரென்று இரண்டு வயல் தாண்டிக் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"மதாம் ஆர்லெத்! எனக்கு ஒதுங்கணும்!"

"பாராட்டுகள்!" என்று முன்னாலிருந்து மார்சோ பதிலுக்குக் கத்தினான். வரிசை சிரித்துக்கொண்டே பலகையை நோக்கிப் பறந்தது.

ஒக்தாவ் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு மரத்துக்குப் பின்னால் மறைந்தார். மரியாதைக்காக முதுகைத் திருப்பி நின்ற பிறகுதான் ஆர்லெத் தான் எங்கே நிற்கிறாள் என்று பார்த்தாள். பாப்ளர் மரங்கள். காற்றில் இலைகள் வெள்ளையும் பச்சையுமாகப் புரண்டுகொண்டிருந்தன. கீழே புல் வளர்ந்திருந்தது, எல்லாப் புல்லையும் போல. அதற்கு அப்பால் ஆறு, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ரெமி கடைசியாகப் பார்த்தது இதைத்தான் என்றால், மோசமான இடமில்லை.

"ஆச்சா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"வயசாயிடுச்சு மதாம். கொஞ்சம் நேரம் பிடிக்கும்."

"பிடிக்கட்டும்," என்றாள் ஆர்லெத். சைக்கிளைப் புல்லில் படுக்க வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."