ரோபோ கை தூக்கியதா?

அந்த ரோபோவின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எழுத்துப் பிழை என்று ஒருவர் வருவார். அது ஜப்பானியப் பெயரே இல்லை, ஆங்கிலத்தில் மாற்றி வைத்த பெயர் என்று இன்னொருவர் வருவார். அந்த ரோபோவை நேசிப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது என் அண்ணனால் எனக்கு நன்றாகவே தெரியும்.

அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. பட்டர்வொர்த் பக்கத்துத் துறைமுகத்தில் கொள்கலன் தூக்கும் கிரேன் ஓட்டுகிறார். நான் அவரைவிட ஐந்து வயது இளையவள். மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில், போத்தல் மூடிகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் பிரிவில் வேலை. பினாங்கின் ஜெலுத்தோங்கில் நாங்கள் பிறந்து வளர்ந்த அதே அடுக்குமாடியில்தான் இன்னும் இருக்கிறோம். அவரும் அண்ணியும் மூன்றாவது மாடி, நான் ஏழாவது மாடி. மின்தூக்கி பழுதானால் நான் அவர் வீட்டில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாக மேலே ஏறுவேன்.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அந்த ரோபோ கார்ட்டூன் படம் வாரம் ஒருமுறை சாயங்காலம் டிவியில் வரும். கீழே மலாய் எழுத்து ஓடும். எனக்கு அப்போது வாசிக்கத் தெரியாது, அண்ணன்தான் வாசித்துச் சொல்வார். ஒரு விமானம், ஒரு கப்பல், பூமியைத் துளைக்கும் ஒரு வண்டி. மூன்றும் சேர்ந்தால் மலை உயரத்துக்கு ஒரு ரோபோ எழுந்து நிற்கும். நெஞ்சு மட்டும் நல்ல சிவப்பு. எனக்கு அதெல்லாம் பள்ளிக்கூடத்தோடு போய்விட்டது. அண்ணனுக்குப் போகவில்லை. அதே படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் சேர்ந்து கைப்பேசியில் ஒரு குழு நடத்துகிறார்கள். மூவார், குவாந்தான், ஈப்போ என்று நாடெங்கும் ஆள் இருக்கிறது. சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் உண்டு. மூன்று மொழியையும் கலந்துதான் சண்டை போடுவார்கள்.

அந்தக் கார்ட்டூனை உண்மையான நடிகர்களை வைத்துப் படமாக எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்த அன்று, அண்ணன் வேலை முடிந்து நேராக ஏழாவது மாடிக்கு வந்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

முன்னோட்டம் வெளியானதும் சந்தோஷம் போய்விட்டது. ரோபோவின் நெஞ்சு சிவப்பாக இல்லை, சாம்பல் நிறத்தில் எண்ணெய் பூசிய இரும்பு போல இருந்தது. மூன்று வண்டியும் இணையும்போது போடும் கூச்சலையும் எடுத்துவிட்டார்கள். குழுவில் ஒருவர், தன் சின்ன வயதையே நாசம் செய்துவிட்டதாக எழுதினார். இன்னொருவர் அந்த இயக்குநரின் வம்சத்தைச் சபித்தார். படம் வரட்டும், பார்த்துவிட்டுப் பேசலாம் என்று எழுதிய ஒரே ஆளை எல்லாரும் சேர்ந்து திட்டி வெளியேற்றினார்கள். அண்ணன் அதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். அண்ணி கீரையை ஆய்ந்துகொண்டே, "அது பொம்மதானங்க" என்பார். அண்ணன் அடுத்ததை வாசிப்பார்.

படம் வேறொரு நாட்டில் மூன்று வாரம் முந்தி வெளியானது. யாரோ கடைசிக் காட்சியைக் கைப்பேசியில் பிடித்துப் போட்டுவிட்டார்கள். எதிரியை அழித்த பிறகு ரோபோ மெல்ல நடந்து கடலுக்குள் இறங்குகிறது. இடுப்பு, நெஞ்சு, தலை. தண்ணீர் மூடிக்கொள்கிறது. அவ்வளவுதான்.

அண்ணன் அதைப் பார்த்ததும் என்னைக் கீழே கூப்பிட்டார். வேலைக்குப் போடும் ஆரஞ்சு மேலங்கியோடே வண்டி நிறுத்துமிடத்தில் நின்றார். "வீடியோ பிடிம்மா. நான் பேசறத அப்படியே பிடி."

நான் அவருடைய கைப்பேசியைப் பிடித்தேன்.

"கைய எங்க?" என்று ஆரம்பித்தார். "அது தண்ணிக்குள்ள போறப்ப, தல மறஞ்சதுக்கு அப்புறம், ஒரு கை மட்டும் மேல தெரியும். வலது கை. விரல விரிச்சி நமக்கு டாட்டா காட்டும். அதுதான்லா படமே! அந்தக் கைய வெட்டிட்டா அப்புறம் என்ன இருக்கு? அலாமா, இவனுங்க கார்ட்டூன பாத்தானுங்களா இல்லியா?"

சொல்லும்போது அவரே வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி விரல்களை விரித்தார். பக்கத்தில் மோட்டர் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

அந்தக் காணொளி குழுவைத் தாண்டிப் போய்விட்டது. மறுநாள் என் தொழிற்சாலையில் ஒரு பெண் அதை எனக்கே காட்டினாள். "அக்கா, இந்த அங்கிள் பாருங்க, பாவம்." கீழே நூற்றுக்கணக்கில் எழுதியிருந்தார்கள். எல்லாரும் அண்ணன் கட்சி. மூவாரிலிருந்து ஒருவர், அந்தக் கையைப் பார்த்து இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று எழுதினார். குவாந்தானிலிருந்து ஒரு மலாய்ப் பெண்மணி, விரல் நுனியில் ஒரு வெள்ளைப் பறவை வந்து உட்காருமே, அதைக்கூடக் காட்டவில்லையே என்று வருத்தப்பட்டார். அண்ணன் அதற்கு, "ஆமா, பறவை! மறந்தே போச்சு" என்று பதில் போட்டார். எனக்கும் அந்தக் கை நினைவிருந்தது. நானும் ஒரு விருப்பம் போட்டேன்.

நான்கு நாள் கழித்து ஈப்போவிலிருந்து ஒருவர் குழுவில் ஒரு காணொளி போட்டார். பல் மருத்துவர், வயதானவர், அதிகம் பேசாதவர். அண்ணனின் காணொளியைப் பார்த்துவிட்டு, தன் வீட்டுப் பெட்டியில் கிடந்த பழைய வீடியோ நாடாவைத் தேடி எடுத்திருக்கிறார். அதில் அந்தக் கார்ட்டூனின் கடைசி வாரப் பகுதி முழுதாக இருந்தது. கோடு கோடாக, நிறம் மங்கி ஓடியது. ரோபோ கடலில் இறங்கியது. இடுப்பு, நெஞ்சு, தலை. தண்ணீர் மூடிக்கொண்டது. கை இல்லை, பறவையும் இல்லை. புதிய படத்தை எடுத்தவர்கள் அந்தக் காட்சியை ஒரு அங்குலம் மாற்றாமல் எடுத்திருந்தார்கள்.

மருத்துவர் ஒரு வார்த்தைகூடச் சேர்த்து எழுதவில்லை. மற்றவர்கள் எழுதினார்கள். முதலில் ஆதரித்தவர்களில் பலர் தங்கள் வரிகளை அழித்துவிட்டு, மறுநாள் அண்ணனைக் கேலி செய்ய வந்தார்கள். அவர் கை தூக்கி நிற்கும் படத்தை வெட்டி, ஒருவருக்கொருவர் அனுப்பும் சின்னப் படமாக ஆக்கினார்கள். துறைமுகத்தில் கீழே நிற்பவர்கள் வாக்கி டாக்கியில், "அண்ணே, கொண்டேனர் கீழ போகுது, டாட்டா காட்டுங்க" என்று கேட்டார்களாம். இதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. அவரோடு வேலை செய்பவரின் மனைவி அண்ணியிடம் சொன்னார்.

அண்ணன் விடவில்லை. நாடாவில் இருப்பது வெளிநாட்டுப் பதிப்பு, நம் ஊரில் காட்டியதில் கை இருந்தது என்றார். தணிக்கை என்றார். எந்த அலுவலகத்துக்கு எழுதினால் பழைய ஒளிபரப்பு கிடைக்கும் என்று என்னிடம் விசாரித்தார். சாப்பாடு குறைந்தது.

என் வேலை ஒரே மாதிரியான பொருள்களை மணிக்கணக்கில் உற்றுப் பார்ப்பது. கண் அங்கே இருக்கும், மனம் எங்கேயாவது இருக்கும். அந்த வாரம் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு மாடிப்படி ஞாபகம் வந்தது.

கடைசி வாரம் ஒளிபரப்பான அன்று பெரிய மழை. ரோபோ கடற்கரைக்கு வந்து நிற்கும்போது இடி இடித்து, கட்டடம் முழுக்கக் கரண்டு போய்விட்டது. நான் டிவிப் பெட்டியைத் தட்டித் தட்டி அழுதேன். அம்மா அடிக்க வந்தார். அண்ணன் என்னை இழுத்துக்கொண்டு வெளியே மாடிப்படிக்குப் போனார். "அழாத, எனக்குத் தெரியும், நான் சொல்றேன்" என்று சொல்லி இரண்டு மாடிக்கு நடுவிலிருந்த தளத்தில் நின்றார். ஒவ்வொரு படியாக இறங்கினார். நான் மேலே நின்றதால் அவர் தலை மறைந்துபோனது. கைப்பிடிச் சுவருக்கு மேலே வலது கை மட்டும் எழுந்து விரல் விரித்து ஆடியது. நான் அழுகையை நிறுத்தினேன்.

அதன்பிறகு அந்தப் படம் இங்கே மறுபடி ஒளிபரப்பாகவில்லை. இணையம் வந்தபிறகு சண்டைக் காட்சிகள் கிடைத்தன, கடைசி வாரம் மட்டும் யாரிடமும் இல்லை. அண்ணனும் தேடவில்லை. தான் பார்த்துவிட்டதாகவே நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பத்து வயதில் தன் தங்கையின் வாயை அடைக்கச் சொன்ன கதையை நாற்பது வருடமாக அவரே நம்பிவிட்டார்.

சொல்வதா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். அவர் அலுவலகங்களுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தால் அது இன்னும் பெரிய கேலியாகும் என்பதுதான் என்னைச் சொல்லவைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பசாருக்கு அவரோடு போனேன். மீன் வாங்கிவிட்டு, வெளியே கடையில் ரொட்டி சானாய் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம்.

"அண்ணே, அன்னிக்கி கரண்டு போச்சு. ஞாபகம் இருக்கா?"

"என்னிக்கி?"

"கடைசி வாரம். ரோபோ கடல்கிட்ட வர்றப்ப. நான் அழுதேன். நீங்கதான் படிக்கட்டுல நின்னு கைய ஆட்டிக் காட்டுனீங்க."

அவர் ரொட்டியைப் பிய்த்தபடி இருந்தார். பிய்த்த துண்டைக் குழம்பில் தொடவில்லை.

"நீ அப்ப அஞ்சு வயசு" என்றார். "உனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?"

"எனக்கும் தப்பா இருக்கலாம். ஆனா அந்தக் கையில வாட்ச் இருந்திச்சி. அப்பாவோட பழைய வாட்ச், நீங்க எப்பவும் மாட்டிக்கிட்டுத் திரிவீங்களே. ரோபோவுக்கு எங்கண்ணே வாட்ச்?"

எங்களுக்கு இடையே மீன் பையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன்.

"அப்ப நான் கடைசிய பாக்கவே இல்லியா?" என்றார்.

"ரெண்டு பேருமே பாக்கல."

"நாப்பது வருசம்லா." அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். சந்தோஷமான சிரிப்பு இல்லை, ஆனால் கோபமும் அதில் இல்லை.

அன்று மதியம் மறுபடி கைப்பேசியைப் பிடிக்கச் சொன்னார். வீட்டுக்குள்ளேயே, சாதாரணச் சட்டையில். அண்ணி வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தார். "சும்மா இருந்தா ரெண்டு வாரத்துல மறந்துருவாங்க. மறுபடி ஏன் போய் நிக்கிறீங்க?" அண்ணன், "அவுங்க மறந்துருவாங்க, நான் மறக்கணுமே" என்றார்.

இந்த முறை கத்தவில்லை. கரண்டு போனதையும் படிக்கட்டில் நடித்ததையும் அப்படியே சொன்னார். ஈப்போ மருத்துவரிடம் மன்னிப்புக் கேட்டார். படத்தை எடுத்தவர்களை அந்த ஒரு காட்சிக்காகத் திட்டியது தப்பு என்றார். நிறத்துக்காகத் திட்டியது தப்பில்லை என்றும் சொன்னார். "தங்கச்சி அழுதிச்சி, அதான் சொன்னேன். வேற ஒண்ணும் இல்ல" என்று முடித்தார்.

முதல் காணொளியைப் பார்த்த கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதைப் பார்க்கவில்லை. பார்த்தவர்களில் சிலர் பொய்யன் என்றார்கள். படக் கம்பெனிக்காரர்கள் சொல்லித்தான் பேசுகிறார் என்று ஒருவர் கண்டுபிடித்தார். கேலி செய்தவர்களில் இரண்டு மூன்று பேர் தனியாக எழுதி வருத்தம் தெரிவித்தார்கள். குவாந்தான் பெண்மணி மட்டும் விடாமல் கேட்டார், அப்படியானால் நான் பார்த்த பறவை? அண்ணன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, தெரியவில்லை அக்கா, உங்கள் வீட்டிலும் ஒரு அண்ணன் இருந்தாரா என்று மலாயில் எழுதினார்.

படம் இங்கே வெளியான அந்த வாரக் கடைசியில் மூவரும் போனோம். பகல் காட்சி. அரங்கில் பாதிக்குமேல் சின்னப் பிள்ளைகள், சோளப்பொரியைச் சிந்திக்கொண்டு. சாம்பல் ரோபோ எழுந்து நின்றபோது அவர்கள் கத்தினார்கள். கார்ட்டூனை அறிந்தவர்கள் என்று தெரிந்த நாலைந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனும் அப்படித்தான் இருந்தார். கடற்கரைக் காட்சி வந்தபோது மட்டும் முன்னால் சாய்ந்தார். நான் திரையைவிட அவரைத்தான் பார்த்தேன். ரோபோ இறங்க இறங்க அவர் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தண்ணீர் மூடி, அலை சமமான பிறகும் சிறிது நேரம் அப்படியே இருந்தார். அண்ணி, கடைசியில் பெயர்கள் ஓடும்வரை காத்திருந்து, "எந்திரிங்க, கார் பார்க்கிங் டைம் ஆவுது" என்றார்.

வெளியே வந்ததும், எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"முடிவு நல்லாருக்கு" என்றார். "கை இருந்தா கொஞ்சம் ஓவரா போயிருக்கும்." நாலு அடி நடந்து, "ஆனா அந்தச் சாம்பல் கலர ஏத்துக்கவே முடியாது" என்றார்.

எனக்குப் படம் சுமாராகத்தான் இருந்தது. இணையும்போது போடும் கூச்சல் இல்லாதது எனக்கும் குறையாகத்தான் பட்டது, ஆனால் நான் அதை எங்கும் எழுதவில்லை.

பள்ளி விடுமுறையில் ஈப்போ மருத்துவர் பேரப்பிள்ளைகளோடு பினாங்கு வந்தார். அண்ணன் அவரை எங்கள் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டி வந்தார். நான் மதிய வேலைக்குப் போகும் வழியில் அவர்களைப் பார்த்தேன். மருத்துவர் மெலிந்த மனிதர், மீ நூடுல்ஸைச் சின்னச் சின்னதாகச் சுற்றிச் சாப்பிட்டார். இரண்டாவது பாகம் எடுக்கப்போவதாகச் செய்தி வந்திருந்தது. அதில் ரோபோவுக்குக் காலாக மாறும் துளைக்கும் வண்டிக்குப் பதிலாக நீர்மூழ்கி வருகிறதாம். அதில் தப்பில்லை என்பது மருத்துவர் கட்சி. அண்ணன் மேசையில் உப்பு, மிளகு, சாஸ் போத்தல்களை நிறுத்தி, நீர்மூழ்கி ஏன் காலாக முடியாது என்று விளக்கிக்கொண்டிருந்தார். மருத்துவரின் பேத்தி சாஸ் போத்தலை எடுத்துத் தன் தட்டில் ஊற்றிக்கொண்டாள். எனக்கு பஸ் வந்துவிட்டது.